உள்தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் திலகவதி சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள். தாழ் போடக் கூடாது என்றுதான் பேச்சு. கட்டிலைவிட்டுக் கிளம்பும்போதும் சொன்னாள், கூடத்தைக் கடக்கும்போதும் சொன்னாள், குளியலறை வாசலில் வாக்கரை உள்ளே திருப்பிக் கொடுக்கும்போதும் சொன்னாள், டீச்சர், கதவைச் சும்மா ஒருக்களிச்சு வச்சுக்குங்க, நான் முதுகைக் காட்டிக்கிட்டு இங்கேயே நிக்கிறேன், எட்டிப் பாக்க மாட்டேன் என்று. எமரென்சியா டீச்சரும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு உள்ளே போய், கதவைச் சாத்தி, ஒரு மூச்சு நிதானித்து, தாழைத் தள்ளிவிட்டார். அந்த ஒரு மூச்சுதான் இப்போது திலகவதியை அறுத்தது. கை பழக்கத்தில் போட்ட தாழ் என்றால் நிதானிக்க வேண்டியதில்லை. யோசித்துப் போட்டிருக்கிறார். பிளாஸ்டிக் கதவு, உள்பக்கம் துருவேறிய இரும்புத் தாழ். கதவு திறந்து கிடந்தபோது அதைக் கண்ணால் பார்த்தாளே, பார்த்தும் கழற்றிவிடத் தோன்றவில்லையே. தரையை ஈரம் போகத் துடைத்தாயிற்று, வழுக்காத மிதியடி போட்டாயிற்று, குனியாமல் உட்காருவதற்குக் கழிவறைக் கோப்பைமேல் உயர இருக்கை மாட்டியாயிற்று, சேலை காலைத் தடுக்கும் என்று நைட்டியாக மாற்றியாயிற்று. விழுவதற்கு என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் அடைத்தவள், தன்னை வெளியே நிறுத்துகிற வழியை மட்டும் திறந்து வைத்திருக்கிறாள். ஒரு திருப்புளி போதும். டீச்சருடைய கணவர் இருதயராஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஆயுசெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர், கேட்டிருந்தால் பேச்சோடு பேச்சாகக் கழற்றிக் கையில் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று மனசு ஒரே இடத்தில் குதித்துக்கொண்டிருந்தது, கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி.

கூப்பிட்டுப் பார்க்கலாமா. டீச்சர் என்று மெதுவாக ஒரு குரல். ஆனால் கூப்பிட்டால் திரும்புவார். மனுஷர்கள் குரல் வந்த பக்கம் திரும்பத்தான் செய்வார்கள், அதுவும் இடுப்புக்கு மேலே மட்டும் திருப்பிக்கொண்டு கால் நின்ற இடத்திலேயே நிற்க, முழு முறுக்கும் தொடையில் இறங்கும். பாரத்தைக்கூட அந்த எலும்பு தாங்கினாலும் தாங்கும், முறுக்கைத் தாங்காது. போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹபீபா அந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். மார்பில் தொடங்கிய புற்று இடது தொடை எலும்புக்கு வந்து, கறையான் அரித்த நிலைக்கால் மாதிரி, வெளித்தோல் மட்டும் முழுசாக நிற்க உள்ளே பொடிப்பொடியாக ஓட்டை போட்டிருந்தது. கம்பி வைத்து நிறுத்தலாம், ஆனால் மயக்க மருந்தை நுரையீரல் தாங்காது என்று எலும்பு டாக்டர் கைவிரித்துவிட்டார். கதிர்வீச்சு கொடுத்தாயிற்று, அது வேலை செய்ய நாளாகும், அதுவரை டீச்சருக்கு நாள் இருக்குமா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே படுக்கையிலேயே இருக்கட்டும், எல்லாம் படுக்கையிலேயே. யார் போய்ச் சொல்வது என்று வந்தபோதுதான் எல்லாருடைய கண்ணும் திலகவதிமேல் விழுந்தது. கால் உங்க சப்ஜெக்ட் ஆச்சே, என்றார் ஆலோசகர் குணசீலன். அவர் சொன்னதில் தப்பில்லை. தீராத நோய்க்காரர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற அந்தச் சின்ன அணியில் ஆளுக்கொரு பாத்தியதை உண்டு. வலி ஹபீபாவுக்கு. குத்துதா, கடுக்குதா, எரியுதா, சுண்டி இழுக்குதா என்று அவர் கேட்கிற கேள்வியிலேயே பாதி வலி தன் பெயரைச் சொல்லிவிடும். புண் நர்ஸ் கோமளாவுக்கு. வீட்டுக்குள் நுழைந்து மூச்சை ஒரு தரம் இழுத்தால் போதும், புண் எந்த மட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள், இரண்டு முறை கட்டு மாற்றினால் அந்த வீட்டில் ஊதுவத்தி கொளுத்துவதை நிறுத்திவிடுவார்கள். பேச்சு குணசீலனுக்கு, அதைவிடவும் பேசாமல் இருப்பது. பிசியோதெரபிஸ்ட் என்பதால் திலகவதிக்கு மூட்டும் பாரமும் மூச்சும். சாகப்போறவங்களுக்கு எதுக்குடி எக்சர்சைஸ் என்று அவள் கணவன் கல்யாணமான புதிதில் கேட்டான், கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல். அவள் பதிலுக்கு அவனைக் கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே வேண்டாத இடத்தில் ஒரு தலையணையைக் கொடுத்து, அசையாமப் படு, நான் சமைச்சு முடிச்சுட்டு வரேன் என்று போய்விட்டாள். சோறு வடிப்பதற்குள் அம்மாடி என்று எழுந்து உட்கார்ந்துவிட்டான். எழ முடியாதவன் என்ன செய்வான், அதுக்குத்தான் நான், என்றாள். அன்று அது நல்ல பதிலாக இருந்தது. இன்றைக்கு இந்தக் கதவுக்கு வெளியே நிற்கும்போது, எழ வேண்டாம் என்று சொல்ல வந்தவள் எழுப்பி நடத்திக் கூட்டிவந்து பூட்டின கதவுக்கு உள்ளே விட்டுவிட்டு நிற்கும்போது, அந்தப் பதில் பொய்யாகத் தோன்றியது.

சொல்லத்தான் வந்தாள். ஆஸ்பத்திரி வேனில் எடமலைப்பட்டிப்புதூர் வரும்வரை வாக்கியத்தை உருட்டிக்கொண்டே வந்தாள். டீச்சர், கொஞ்ச நாளைக்கு நடக்க வேணாம். கொஞ்ச நாளைக்கு என்பது பொய். டீச்சர், இனிமே நடக்க வேணாம். இனிமே என்பது வாயில் வரவில்லை. எப்ப நடக்கலாம் என்று டீச்சர் கேட்டதற்கு, பார்ப்போம் டீச்சர், என்று போன தடவை சொல்லிவிட்டு வந்ததை நினைத்தால் கூசியது. நம் ஊரில் பார்ப்போம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம், பெண் பார்க்க வந்தவன் சொன்னாலும் சரி, ஆபீசில் மேலதிகாரி சொன்னாலும் சரி. டீச்சருக்கா தெரியாது. அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், எத்தனை தலைமுறைப் பெண்களை வெயிலில் நிறுத்தி முதுகை நிமிர்த்தினவர். முதல் நாள் திலகவதி அவர் காலைப் பிடித்துச் சோதிக்கையில் அவர் திலகவதியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எப்பவும் வலது காலுலதான் சாஞ்சு நிக்கிற, இடுப்பு போயிரும், என்றார். அதிலிருந்து இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் திலகவதி இரண்டு காலிலும் சமமாக நிற்பாள். இன்று உள்ளே நுழைந்தபோது டீச்சருடைய உதடு வெடித்துக் கிடந்தது. கோமளா புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள், கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. இருதயராஜ் சுவரோரம் நின்று, கஞ்சியும் வேணாங்குது, தண்ணியும் வேணாங்குது, மாத்திரைக்கு ஒரு மடக்கோட சரி, நாலு நாளா யாருகிட்டயும் பேச்சும் இல்ல, என்றார் சர்ச்சில் சொல்கிற மாதிரி மெல்ல. வாய்ப்புண்ணா, குமட்டலா, விழுங்கும்போது அடைக்கிறதா என்று கோமளா ஒவ்வொன்றாகக் கேட்டாள். டீச்சர் எல்லாவற்றுக்கும் இல்லை என்று விரலை ஆட்டினார். பிறகு, கேள்வி தீர்ந்து போனவுடன், தண்ணி குடிச்சாப் போகணும்ல, என்றார். அவ்வளவுதான். பெட்பேனை மனதில் வைத்து, அதை எடுத்து வைக்கிற புருஷனை மனதில் வைத்து, அந்த அம்மாள் நாலு நாளாகத் தன் உடம்பைக் காயப் போட்டிருக்கிறார். திலகவதி கட்டில் பக்கம் உட்கார்ந்தாள். உருட்டி வைத்திருந்த வாக்கியம் எங்கோ நழுவிவிட்டது.

"நான் எந்திரிச்சு நடந்தா என்ன ஆகும்? சுத்தி வளைக்காமச் சொல்லு," என்றார் டீச்சர்.

"எலும்பு ஒடியலாம் டீச்சர். ஒடிஞ்சா ரொம்ப வலிக்கும். திரும்ப ஒட்டாது."

"படுத்தே கெடந்தா ஒடியாதா?"

திலகவதி கோமளாவைப் பார்த்தாள். கோமளா ஜன்னலைப் பார்த்தாள். "புரண்டு படுக்கறப்பகூட ஒடியலாம்."

"அப்ப நடந்தே ஒடியட்டும்."

அதன் பிறகு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தது, ஒவ்வொன்றும் சரியாகத்தான் நடந்தது, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. ஹபீபாவைப் போனில் பிடித்தாள். எல்லாத்தையும் சொன்னீங்களா, அவங்களுக்கு விளங்கிச்சா, தெளிவா இருக்காங்களா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, அது அவங்க கால் திலகா, என்றார். வலி மாத்திரை கொடுத்து அது பிடிக்கிறவரை காத்திருக்கச் சொன்னார், ஊசி மருந்தைக் கோமளா கையில் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னார். இருதயராஜிடமும் சொன்னார்கள். அவர் மனைவி முகத்தைப் பார்த்தார், மாதா படத்தைப் பார்த்தார், சரிம்மா என்றார், ஆனால் அந்தச் சரி அவருக்குள்ளிருந்து வந்ததாகத் தெரியவில்லை. இடுப்பில் பட்டையைக் கட்டி, வாக்கரைக் கொடுத்து, இடது காலைத் தரையில் தொட மட்டும் விட்டு, பாரம் முழுக்கக் கையிலும் வலது காலிலும், ஒன்று, நிதானம், ஒன்று, நிதானம். டீச்சர் எழுந்து நின்றபோது அறை சின்னதாகிவிட்டது. திலகவதி அவரைப் படுத்த கோலத்திலேயே பார்த்தவள். இவ்வளவு உயரம் என்று தெரியாது. நைட்டி தொளதொளவென்று தொங்க, தலையில் பூனைமுடி முளைத்திருக்க, கழுத்து மட்டும் நேராக, எதிர்ச் சுவரை அளப்பது போன்ற பார்வையோடு அவர் நடந்தார். பட்டையைப் பிடித்தபடி பின்னால் போன திலகவதி எலும்பின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே போனாள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, பச்சைக் கிளை ஒடிகிற மாதிரி இருக்கும் என்பார்கள் சிலர், ஒன்றுமே கேட்காது, ஆள் உட்கார்ந்துவிடுவார் என்பார்கள் சிலர். கேட்காத சத்தத்துக்காகக் காத்திருப்பதைப் போலச் சித்திரவதை இல்லை. இப்போதும் அதையேதான் செய்கிறாள், ஒரு கதவு நடுவில் வந்துவிட்டது, அவ்வளவே வித்தியாசம்.

உள்ளே சத்தமில்லை. உயர இருக்கை கிரீச்சிட்டது ஆரம்பத்தில் ஒரு தடவை, உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம், நல்லது. வாக்கரின் கால் தரையில் இழுபட்டது, நகர்த்தி வைத்திருக்கிறார், அதுவும் நல்லது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சிறுநீர் போகிற சத்தம் இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை, கனைப்பு இல்லை. நாலு நாள் தண்ணீர் குடிக்காதவருக்கு உடனே வராது, முக்க வேண்டியிருக்கும், முக்கினால் முதுகில் புற்று பரவின இன்னொரு இடம் வலிக்கும். குழாயையாவது திறக்கலாமே. திலகவதியின் வீட்டில் குளியலறைக்குள் போனவுடன் அவள் செய்கிற முதல் காரியம் குழாயைத் திறப்பது. வாளி நிரம்புகிற சத்தம் வெளியே கேட்கிறவரை யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், மாமியார் தட்ட மாட்டார், பெண் அம்மா என் பென்சில் எங்கே என்று கேட்க மாட்டாள், அவள் கவிழ்த்த இன்னொரு வாளிமேல் உட்கார்ந்து சும்மா தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், வாளி வழிந்து ஓட, தண்ணீர் வீணாகிறதே என்ற குற்ற உணர்ச்சியோடு. அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது. பாப்பாவுக்கு இன்று ஸ்கூலில் ஏதோ போட்டி, வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பச் சொன்னார்கள், போட்டு அனுப்பினாளா, நீலமா. நீலம்தான் என்று தோன்றியது. தோன்றின உடனே பதற்றம் கூடியது, சட்டைக்காகவா கதவுக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. வலது காலில் சாய்ந்து நிற்பதை உணர்ந்து சமமாக நின்றாள். பின்னால் கோமளா ஊசி வைத்த தட்டோடு, முகத்தில் ஒன்றும் காட்டாமல். இருதயராஜ் கூடத்தில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, மூன்று பேரும் துள்ளினார்கள்.

"ஏம்மா, உள்ள சத்தமே இல்லையே," என்றார் இருதயராஜ். வரும் என்று திலகவதி சொன்னாள். என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது. அவர் நாற்காலியை விட்டுவிட்டு அருகில் வந்து, அவள் காதோரமாக, பினாயில் பாட்டிலு உள்ளதான் இருக்கு, என்றார். சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன் வாயைத் தானே மூடிக்கொண்டார். தரையைத் துடைக்கும்போது திலகவதியும் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், ஜன்னல் விளிம்பில் பினாயில், அதன் பக்கத்தில் தரை கழுவுகிற ஆசிட், வாய் வெட்டின தண்ணீர் பாட்டிலில் பிரஷ். பார்த்தது ஞாபகம் இருக்கிறது, உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டுமா என்றுகூட அளந்தாள், ஏன் அளந்தாள் என்றால் எட்டிப் பிடிக்கப் போய் பாலன்ஸ் தவறிவிடக் கூடாதே என்று. பாலன்ஸ். கடவுளே. அவள் சப்ஜெக்ட் கால் என்பதால் பாட்டிலும் அவளுக்குத் தடுக்கி விழுகிற சாமானாகத்தான் தெரிந்திருக்கிறது. குணசீலன் வந்திருந்தால் முதலில் அதை எடுத்து வெளியே வைத்திருப்பார், நாலு நாளா பேசலையா என்று அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றிருப்பார். அவர் இன்று மண்ணச்சநல்லூர்ப் பக்கம் வேறொரு வீட்டுக்குப் போயிருக்கிறார். நாலு நாளாகத் தண்ணீர் குடிக்காத ஆள், யாரோடும் பேசாத ஆள், நடந்தே ஒடியட்டும் என்று சொன்ன ஆள், வாக்குக் கொடுத்துவிட்டு, நிதானித்து, தாழைப் போட்ட ஆள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அது ஒரே திசையில்தான் கையைக் காட்டியது. ஆனால் அவர் முகம் அப்படி இல்லையே. எப்படி இருந்தது. கூடத்தைக் கடக்கையில் பின்னால் நின்றவளுக்கு முகம் எங்கே தெரிந்தது, பிடரிதான் தெரிந்தது, பிடரியை வைத்து ஒரு ஆளை என்னவென்று சொல்வது. கத்தலாமா. கத்தினால் திரும்புவார், திரும்பினால் முறுக்கு. கத்தாவிட்டால் பாட்டில். கதவை இடித்தால் கதவு உள்பக்கமாகத் திறப்பது, உள்ளே விரிந்து அவர் முழங்காலில்தான் போய் மோதும். மூன்று வழியும் அந்தத் தொடையில் போய்த்தான் முடிந்தது. அவள் கதவில் காதை வைத்தாள். எட்டிப் பார்க்க மாட்டேன் என்றுதான் சொன்னாள், காது வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, என்று ஒரு அற்ப சமாதானம் வந்தது. பிளாஸ்டிக் கதவு குளிர்ச்சியாக இருந்தது. தன் காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் முதலில். அப்புறம், வெகு தள்ளி, யாரோ மூச்சுவிடுவது. சீரான மூச்சு. ஒருவேளை அதுவும் தன்னுடையதுதானோ. அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூச்சு நிற்கவில்லை. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. திலகவதி பல பேருக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பயந்த மூச்சு தெரியும், வலிக்கிற மூச்சு தெரியும், கடைசி நாட்களில் நின்று நின்று வருகிற மூச்சும் தெரியும். இது அவற்றில் எதுவும் இல்லை. இப்படியொரு மூச்சை இந்த வீட்டில் அவள் கேட்டதில்லை. அது என்னவென்று பிடிபடாததே இன்னும் கலவரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து இருதயராஜின் போன் அலறியது. மஸ்கட்டிலிருந்து மகள் ஜெனிட்டா. அவர் ஒலிபெருக்கியை அணைக்கத் தெரியாமல் தடவ, அப்பா அம்மா எங்கே, கட்டில் காலியா இருக்கே, அம்மா எங்கே என்று அந்தப் பெண்ணின் குரல் கூடம் முழுக்கக் கொட்டியது. கட்டில் காலியாக இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று திலகவதி திகைத்தாள். கேமரா வச்சுருக்கும்மா, என்றார் இருதயராஜ், மகளுக்குப் பதில் சொல்லாமல் இவளுக்கு. போன மாதம் லீவில் வந்தபோது மகள் சுவரில் மாட்டிவிட்டுப் போனாளாம், டியூட்டிக்கு நடுவில், சாப்பிடும்போது, தூங்கப் போகுமுன் அங்கிருந்தே அம்மாவைப் பார்த்துக்கொள்வாளாம், ராத்திரி அம்மா புரண்டு படுத்தால்கூட உடனே போன் பண்ணி அப்பா எழுந்து பாருங்க என்பாளாம். பாசமான பிள்ளை, என்றார். மறுபக்கத்தில் அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது. நடக்க விட்டீங்களா, யாரைக் கேட்டு விட்டீங்க, எலும்பு ஒடிஞ்சா அந்த பிசியோ பொறுப்பு எடுத்துக்குமா. திலகவதி போனை வாங்கப் போகவில்லை. பொறுப்பு என்ற சொல் நேராக வந்து அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டது. எடுத்துக்கொள்வாள், எப்படி எடுத்துக்கொள்வாள், ஒடிந்த எலும்பை யார் கையில் எடுத்துக்கொள்ள முடியும். அவள் இருதயராஜிடம் திருப்புளி இருக்கா என்று கேட்டாள், கேட்டவுடனே தாழ் உள்ளே அல்லவா இருக்கிறது, வெளியிலிருந்து எதைக் கழற்றுவது என்று உறைத்தது. கீல், கீல் எந்தப் பக்கம். கோமளா தட்டைக் கீழே வைத்துவிட்டு, திலகா, கூப்பிட்டுரு, என்றாள். அவள் தாழ்ந்த குரலில் சொன்னால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று அர்த்தம். திலகவதி வாயைத் திறந்தாள். குரல் கிளம்புவதற்குள் உள்ளே இருக்கை கிரீச்சிட்டது. வாக்கர் தரையைத் தட்டியது. மறுபடி தட்டியது. தாழ் நகர்ந்தது.

டீச்சர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் வாக்கரில், இடது கால் தரையைத் தொட்டும் தொடாமலும், சொல்லிக்கொடுத்த மாதிரியே. திலகவதியின் கண் முதலில் ஜன்னல் விளிம்புக்கு ஓடியது. பாட்டில்கள் இருந்த இடத்தில் இருந்தன, மூடியோடு. பிறகு தரை, பிறகு தொடை, பிறகுதான் முகம். முகம் ஈரமில்லாமல் இருந்தது. அழுத தடம் இல்லை. எதையோ ரொம்ப தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரைப் போலக் கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான். கோப்பை காய்ந்திருந்தது, குவளை கவிழ்த்தபடி கிடந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் எங்கும் சிந்தவில்லை. திலகவதி ஏன் டீச்சர் தாழ் போட்டீங்க என்று கேட்க வந்ததைக் கேட்காமல் பட்டையைப் பிடித்தாள். நாலு எட்டு வைத்த பிறகு டீச்சரே சொன்னார், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"ஒண்ணும் வரல. வரும்னு போகவும் இல்ல."

"பின்ன?"

"சும்மா உக்காந்திருந்தேன். யாரும் என்னையப் பாக்காம."

பின்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்த இருதயராஜுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கோமளாவுக்கு விழுந்தது. திலகவதி நடத்திக்கொண்டு போனாள், ஒன்று, நிதானம், ஒன்று, நிதானம், எலும்புச் சத்தத்துக்குக் காதைக் கொடுப்பதை நடுவில் எங்கோ விட்டுவிட்டாள் என்பது கட்டிலை அடைந்தபோதுதான் தெரிந்தது. உட்காரவைத்து, இரண்டு காலையும் ஒரே கட்டாகத் தூக்கிப் படுக்கையில் ஏற்றி, முழங்காலுக்கு இடையில் தலையணை, முதுகுக்கு ஒன்று, கணுக்காலுக்குக் கீழே சுருட்டின துண்டு. ஒடியவில்லை. இன்றைக்கு ஒடியவில்லை. நாளைக்குத் தெரியாது. அவள் தலையை நிமிர்த்தியபோது சுவரில் கட்டிலுக்கு நேர்மேலே அந்தக் கேமரா தெரிந்தது, கடுகு போல் ஒரு நீல வெளிச்சத்தோடு. வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கும், கரண்ட் சம்பந்தப்பட்ட ஏதோ என்று நினைத்து விட்டிருப்பாள். காலையில் எழுப்ப ஒரு ஆள், பல் துலக்க ஒரு ஆள், புண்ணைப் பார்க்க, காலைப் பார்க்க, ஜெபம் சொல்லச் சர்ச்சின் அன்பியக் குழுவிலிருந்து ஆட்கள், பழம் வாங்கிக்கொண்டு பழைய மாணவிகள், யாரும் இல்லாதபோது காவலாள் மாதிரி அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருக்கிற புருஷன், அவர் கண் அசந்தால் அந்தக் கடுகு. ஒரு உடம்பை இத்தனை கண் எப்படித் தாங்கும். பாரம் என்பதைப் பற்றித் திலகவதிக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இந்த ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அதை அணைக்கட்டுமா டீச்சர்?"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "அணைச்சா அவ பயந்துக்குவா."

"நான் பேசிக்கிறேன்."

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திலகவதி ஸ்டூலைப் போட்டு ஏறி வயரைப் பிடுங்கினாள். அடுப்படிக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துவந்து டீச்சருடைய வலது கைப்பக்கம் வைத்தாள், வேணும்னா தட்டுங்க, இல்லேன்னா யாரும் வர மாட்டோம், என்றாள். கோமளா ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். இருதயராஜ் அசையாமல் நின்றார். ஏம்மா, தனியாவா, என்றார். ஆமா அப்பா என்று அவரைத் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினாள். அந்தக் கதவில் தாழ் வெளியில்தான் இருந்தது, அதைத் தொடவில்லை. கூடத்தில் மூன்று பேரும் மறுபடி ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே சத்தமில்லை. திலகவதியின் காது தன்பாட்டுக்கு நீண்டது, அதை இழுத்துப் பிடித்து வைப்பது டீச்சரை நடத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஏதாவது ஆயிட்டா, என்றார் இருதயராஜ். ஆகலாம், என்றாள். பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு. அவர் கதவருகே போய்ப் பலகைமேல் உள்ளங்கையை வைத்தார், தள்ளவில்லை, சும்மா வைத்தார், காய்ச்சல்கார நெற்றியில் வைப்பதுபோல. போன் மறுபடி அலறியது. அவர் ஒரு கையால் அதை எடுத்துத் திலகவதியிடம் நீட்டினார்.

படம் வரலையே, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று ஜெனிட்டா கேட்டாள், மூச்சு வாங்க. அவள் ஏதோ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசுகிறாள் போல, பின்னால் தள்ளுவண்டி உருளுகிற சத்தமும் புரியாத பாஷையில் யாரோ யாரையோ கூப்பிடுவதும் கேட்டது. திலகவதி தான் யாரென்று சொன்னாள். அம்மா ரூமுக்கு வந்துட்டாங்க, கால் நல்லா இருக்கு, படுத்திருக்காங்க, என்றாள்.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா. தனியா இருக்காங்க."

திட்டப் போகிறாள் என்று திலகவதி காத்திருந்தாள், அழப் போகிறாள் என்று காத்திருந்தாள். தள்ளுவண்டி உருண்டு தூரமாகப் போனது. கடைசியில் வந்த குரல் அதற்கு முன் பேசின குரல் மாதிரி இல்லை, ஸ்கூல் விட்டு வந்து அம்மாவைத் தேடுகிற பெண்ணின் குரலாகச் சின்னதாக இருந்தது.

"எவ்வளவு நேரம் அப்படி இருப்பாங்க?"

"அவங்க கூப்பிடுற வரைக்கும்மா."

கதவின்மேல் வைத்திருந்த கையை இருதயராஜ் மெல்ல எடுத்துக்கொண்டார்.